நோய்க்குத் தேதி தெரியாது, கடப்பிதழுக்குத் தெரியும்!



பள்ளி விடுமுறை நெருங்கும் போதெல்லாம் நம் தமிழ்ப்பள்ளி வட்டாரத்தில் இரண்டு வகைப் பயணங்கள் களைகட்டும். இங்கிருந்து தமிழ்நாட்டுக்குக் குலதெய்வக் கோயில், திருமணம், காதுகுத்து என்று செல்வோர் ஒருபுறம். மகளையும் பேரப்பிள்ளைகளையும் காண அங்கிருந்து இங்கு வரும் பாட்டி தாத்தாமார் மறுபுறம். இரு தரப்பினரும் பெட்டி கட்டுவதில் வல்லவர்கள். ஊறுகாய் முதல் மூட்டுவலித் தைலம் வரை எதையும் மறக்கமாட்டார்கள். ஆனால், போன இடத்தில் நோய்வாய்ப்பட்டு, திரும்ப வேண்டிய நாளில் திரும்ப முடியாமல் போனால் என்ன செய்வது என்ற கேள்வியை மட்டும் யாரும் பெட்டியில் வைப்பதில்லை. 'அபசகுனமாகப் பேசாதே' என்று வாயை அடைத்துவிடுகிறோம்.

இக்கட்டுரையில் நான் சொல்ல விழைவது ஒன்றுதான். நோயினால் தங்கிவிடுவது குற்றமன்று. அதை உரியவரிடம் உரிய நேரத்தில் சொல்லாமல் இருப்பதே நம்மைக் குற்றவாளிக் கூண்டுக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதே வேளையில், சொல்வதற்கான வழியை எளிய மக்கள் கண்டறியும்படி அமைத்துக் கொடுக்கும் கடமை அரசுக்கும் மருத்துவமனைகளுக்கும் உண்டு. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

என் பள்ளியில் நடந்தது

என் வகுப்பு மாணவி ஒருத்தியின் பாட்டி தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்தார். முப்பது நாள் தங்க அனுமதி. இருபத்திரண்டாம் நாள் அதிகாலையில் பக்கவாதம் தாக்கியது. பதினேழு நாள் மருத்துவமனை வாசம். வீடு திரும்பிய பிறகும், உடனே விமானத்தில் ஏற வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மாணவியின் தாயாரும் தமிழ்நாட்டிலிருந்து மணமாகி வந்தவர். மலாய்மொழி அவ்வளவாக வராது. தந்தையோ சிங்கப்பூரில் வேலை. வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவார்.

ஐம்பத்தெட்டாம் நாள் பாட்டியைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி விமான நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். கையில் மருத்துவமனைச் சுருக்க அறிக்கை இருந்தது. அது போதும் என்று நம்பினார்கள். அதிகாரி கடப்பிதழைப் பார்த்து நாள்களை எண்ணினார். இருபத்தெட்டு நாள் அதிகம். "ஏன் முன்பே வந்து தெரிவிக்கவில்லை?" என்று கேட்டார். அவர் கடுமையாகப் பேசவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆனால் விடை சொல்ல யாரிடமும் சொல் இல்லை. விமானம் போய்விட்டது. பயணச்சீட்டுப் பணமும் போயிற்று. அதன் பிறகு மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் அலைந்து, கடிதங்கள் திரட்டி, தண்டம் செலுத்தி, ஒரு வாரம் கழித்துத்தான் பாட்டி ஊர் போய்ச் சேர்ந்தார்.

நான்கு நாள் பள்ளிக்கு வராத அந்த மாணவியிடம் காரணம் கேட்டேன். "நான்தான் டீச்சர் கூடப் போய் எல்லாத்தையும் படிச்சுச் சொன்னேன். அம்மாவுக்கு மலாய் வராதில்ல?" என்றாள். பதினொரு வயதுப் பிள்ளை! தன் பாட்டி சட்டத்தை மீறியவரா இல்லையா என்ற விளக்கத்தை அதிகாரிக்கும் தாய்க்கும் இடையில் நின்று அவள் மொழிபெயர்த்திருக்கிறாள்.

தாயாரைப் பிறகு சந்தித்தபோது அவர் சொன்னது இன்னும் என் காதில் ஒலிக்கிறது. "டீச்சர், பெத்தவ சாகக் கிடக்கிறப்போ தேதியை யாரு பார்ப்பாங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் இல்லை. மற்றவர்கள் பார்க்க வேண்டும். பார்க்கும்படி யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

சட்டம் சொல்வது என்ன?

முதலில் ஒரு தெளிவு. நாம் பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் 'விசா' என்றே சொல்லிவிடுகிறோம். மலேசியாவைப் பொறுத்தவரை விசா என்பது நாட்டின் வாசல்வரை வர இசைவு. உள்ளே எத்தனை நாள் தங்கலாம் என்பதை முடிவு செய்வது நுழையும்போது வழங்கப்படும் வருகை அனுமதி. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் விசா இல்லாமல் முப்பது நாள்வரை இங்கு வந்து தங்க வழி செய்யப்பட்டது. விசாவே வேண்டாம் என்றதும், 'அப்படியானால் முடிவு நாளும் இல்லை போலும்' என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். முப்பது நாள் என்றால் முப்பது நாள்தான்.

மலேசியக் குடிநுழைவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, அனுமதி முடிந்த பின்னும் தங்கியிருப்பதைப் பற்றிப் பேசுகிறது. குற்றம் உறுதியானால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத தண்டம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். கேட்கவே அச்சமாக இருக்கிறது அல்லவா? ஆனால் அதே பிரிவில் 'நியாயமான காரணமின்றி' என்ற சொற்றொடரும் இருக்கிறது. சட்டத்தை எழுதியவர்கள் மனித வாழ்க்கையை அறியாதவர்கள் அல்லர். காரணம் இருக்கலாம் என்பதை அவர்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

பொதுவாகச் சுற்றுலா வருகையாளருக்குத் தங்கும் காலத்தை நீட்டித்துத் தருவதில்லை. எனினும் நோய், விபத்து போன்ற காரணங்கள் இருந்தால் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்க வழி உண்டு. அனுமதி முடிந்துவிட்ட நிலையில் புறப்படுவதற்காகச் 'சிறப்பு அனுமதி' என்ற ஒன்றும் குடிநுழைவுத் துறையில் உண்டு. எல்லாம் இருக்கின்றன. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். மருத்துவமனைக் கட்டிலில் ஒருவர் படுத்திருக்கிறார் என்பது குடிநுழைவுத் துறையின் கணினிக்குத் தானாகத் தெரியப்போவதில்லை. முதல் நாளே தெரிவித்தவர் காரணம் உள்ளவர். இருபத்தெட்டு நாள் கழித்துப் பிடிபட்ட பிறகு சொல்பவர், அதே காரணத்தை மெய்ப்பிக்க வேண்டியவராகிவிடுகிறார்.

நம்மவர் வெளியே செல்லும்போது

'இது வருகிறவர்களின் சிக்கல், நமக்கென்ன?' என்று இருந்துவிட முடியாது. நாமும் வெளியே செல்கிறவர்கள்தாம்.

இந்தியாவில் 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டவர் சட்டத்துக்குப் பதிலாக, 2025 செப்டம்பர் 1 முதல் புதிய குடிநுழைவு மற்றும் அயல்நாட்டவர் சட்டம் நடப்புக்கு வந்துள்ளது. விசா காலம் கடந்து தங்குவோருக்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது மூன்று இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்க அதில் இடமுண்டு. அயல்நாட்டவர் ஒருவரை உள்நோயாளியாகச் சேர்த்தால் அதனை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் பொறுப்பு அங்குள்ள மருத்துவமனைக்கு உண்டு. இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். 'மருத்துவமனையே கடப்பிதழை வாங்கிப் படிவம் அனுப்பிவிட்டது. இனி நமக்கு வேலையில்லை' என்று இருந்துவிடுகிறார்கள். மருத்துவமனை தருவது தகவல். நீட்டிப்பு கேட்பது நம் வேலை. இரண்டும் ஒன்றல்ல.

அதற்கான வழியும் இப்போது முன்பைவிட எளிது. 2018 முதல் அயல்நாட்டவர் பதிவு அலுவலகச் சேவைகளை இணையம் வழியாகவே பெறலாம். நீட்டிப்பு, வெளியேற்ற அனுமதி ஆகியவற்றுக்கு அங்கேயே ஆவணங்களைப் பதிவேற்றி விண்ணப்பிக்கலாம். உறுப்பு மாற்று சிகிச்சை நீங்கலாக, 180 நாளுக்குட்பட்ட சிகிச்சைக்குச் சுற்றுலா விசாவை மருத்துவ விசாவாக மாற்ற வேண்டியதில்லை என்ற தளர்வும் வந்தது. ஆனால் விசா செல்லுபடியாகும் நாள் அதனால் தானாக நீண்டுவிடாது. சென்னையில் மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது. நோயாளியின் நிலையைத் தெரிவித்து உதவி கேட்க அது நம் வீட்டுக் கதவு போன்றது. தட்டுவதற்கு ஏன் தயங்க வேண்டும்?

பக்கத்து நாடுகளையும் பாருங்கள். தாய்லாந்தில் காலம் கடந்து தங்கினால் நாளொன்றுக்கு 500 பாட், உச்சவரம்பு 20,000 பாட். 'பணம்தானே, கட்டிவிடலாம்' என்று அலட்சியமாகச் சொல்வோர் உண்டு. 2016 மார்ச் முதல் அங்கு வேறொரு விதியும் இருக்கிறது. 90 நாளுக்கு மேல் தங்கியவர் தாமாகவே முன்வந்து வெளியேறினால் ஓராண்டு மறுநுழைவுத் தடை. ஓராண்டுக்குள் தங்கியவரே ஆனாலும் பிடிபட்டால் ஐந்தாண்டுத் தடை. தாமாகச் சொல்பவருக்கும் பிடிபடுபவருக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள்! சிங்கப்பூரிலோ 90 நாள் வரை என்றால் தண்டம், சிறை. அதற்கு மேல் என்றால் சிறையோடு பிரம்படியும் உண்டு. பிரம்படிக்கு உள்ளாக்க இயலாதவர்களுக்கு அதற்கு ஈடாகத் தண்டம்.

ஏன் சொல்லாமல் இருக்கிறோம்?

அறியாமை ஒரு காரணம். அது மட்டுமே காரணம் அன்று. அச்சம் அதைவிடப் பெரிய காரணம்.

மலேசியச் சுகாதார அமைச்சு 2001ஆம் ஆண்டில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. உரிய ஆவணமில்லாத அயல்நாட்டவர் சிகிச்சைக்கு வந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அது மருத்துவமனைகளைப் பணித்தது. அதன் விளைவு என்ன? ஆவணமில்லாதவர் மட்டுமன்றி, அனுமதி முடிந்துவிட்ட சாதாரண வருகையாளரும் மருத்துவமனைப் பக்கம் போக நடுங்குகிறார். பக்கவாதம் வந்தவருக்கு மறு பரிசோதனை வேண்டும். மருந்தின் அளவைச் சரிபார்க்க வேண்டும். 'அனுமதி முடிந்துவிட்டதே, போனால் பிடித்துக்கொள்வார்களோ?' என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டால் உயிருக்கே கேடு. நோயினால் காலம் கடக்கிறது. காலம் கடந்ததால் நோய் முற்றுகிறது. இந்தச் சுழலை ஓர் அரசு விரும்பக்கூடாது.

பணமும் ஒரு காரணம். நம் அரசு மருத்துவமனையில் குடிமக்கள் ஒரு ரிங்கிட்டுக்கு வெளிநோயாளி சிகிச்சை பெறுகிறோம். அயல்நாட்டவருக்கு அந்தச் சலுகை இல்லை. முன்பணமும் கட்டணமும் பன்மடங்கு. அதைத் திரட்டவே நகையை அடகுக் கடைக்குக் கொண்டு செல்லும் குடும்பத்துக்கு, கடப்பிதழிலுள்ள தேதி நினைவுக்கு வருமா?

மூன்றாவது, இடைத்தரகர்கள். 'உள்ளே ஆள் இருக்கிறார், நான் முடித்துத் தருகிறேன்' என்று பணம் பறிப்போர் எங்கும் உண்டு. நேர்வழி தெரியாத இடத்தில்தான் குறுக்குவழிக்காரன் கடை விரிக்கிறான்.

அரசுக்கும் மருத்துவமனைகளுக்கும்

என் கருத்துக்கு மறுப்பு இருக்கிறது என்பதை அறிவேன். 'மருத்துவக் கடிதம் ஒன்றைக் காட்டினால் போதும் என்று வைத்துவிட்டால், பொய்க் கடிதம் வாங்கிக்கொண்டு எல்லாரும் தங்கிவிடுவார்களே?' என்பார்கள். இது வெறும் சாக்கு அன்று, உண்மையான கவலைதான். வருகை அனுமதியில் வந்து வேலைக்கு அமர்வோர் இருக்கவே செய்கிறார்கள். ஒரு நாடு தன் வாசலைக் காக்கத்தான் வேண்டும்.

ஆனால் உண்மையான நோயாளியை அலைக்கழிப்பதால் பொய்யர் எவரும் குறையமாட்டார். சான்று கேளுங்கள், கடுமையாகவே கேளுங்கள். அச்சான்றைத் தரும் வழியைக் குறுக்குங்கள். அயல்நாட்டு நோயாளி ஒருவர் உள்நோயாளியாகச் சேரும்போது பதிவு முகப்பில் கடப்பிதழைப் பார்க்கத்தானே செய்கிறார்கள்? அப்பொழுதே ஒரு தாளைக் கையில் கொடுத்தால் என்ன? 'உங்கள் அனுமதி முடியும் நாளைப் பாருங்கள். அதற்குமுன் குடிநுழைவு அலுவலகத்துக்குச் செல்லுங்கள். இன்னின்ன ஆவணங்களைக் கொண்டு செல்லுங்கள்.' மலாய், ஆங்கிலம், தமிழ், சீனம், வங்காளம், இந்தோனேசியம் என்று அச்சடித்த நான்கு வரிகள். பெரிய மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு இருக்கிறது. அதன் அலுவலர் ஒருவர் உறவினரிடம் ஐந்து நிமிடம் பேசினாலே போதும். விமான நிலையத்தில் நடந்தது நடந்திருக்காது.

அரசால் முடியாதது அன்று இது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, விமானமின்றி இங்கேயே சிக்கிக்கொண்ட வருகையாளர்களைக் குடிநுழைவுத் துறை தண்டிக்கவில்லை. அக்காலத்தில் அனுமதி முடிந்தவர்கள் சிறப்பு அனுமதி இல்லாமலேயே நாடு திரும்பச் சலுகை தந்தது. 2024 மார்ச் 1 முதல் டிசம்பர் 31 வரை நடந்த தாயகம் திரும்பும் திட்டத்தில், காலம் கடந்து தங்கியவர்கள் 500 ரிங்கிட் தண்டத்தோடு வழக்கின்றி வெளியேற வகை செய்யப்பட்டது. உலகமே நோயுற்றபோது சட்டம் நெகிழ்ந்தது. ஒரே ஒரு கிழவி நோயுற்றாலும் அவள் எங்கே போய்ச் சொல்வது என்று தெரியும்படியாவது இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

ஆசிரியர்களாகிய நாம்

'இதற்கும் தமிழ்ப்பள்ளிக்கும் என்ன தொடர்பு?' என்று சில ஆசிரியர் நண்பர்கள் கேட்கக்கூடும். தொடர்பு இருக்கிறது. நம் வகுப்பில் அதிகாரப்பூர்வக் கடிதம் எழுதக் கற்பிக்கிறோம். அனுப்புநர், பெறுநர், தலைப்பு என்று கோடு போட்டுக் கொடுக்கிறோம். தலைப்பு மட்டும் ஆண்டுதோறும் மாறுவதே இல்லை: திடலைச் சீரமைக்கக் கோருதல், நூலகத்துக்கு நூல் கோருதல். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றோடு, நோயுற்ற பாட்டிக்காகக் காலநீட்டிப்பு கோருதல் என்று ஒரு தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். பிள்ளைக்குக் கடிதம் எதற்காகப் பிறந்தது என்பது அன்றைக்குப் புரியும். நாள்காட்டியில் முப்பது நாளை எண்ணச் சொல்லுங்கள், கணிதமும் ஆயிற்று.

அதற்காகப் பெரியவர்களின் சுமையைப் பிள்ளைகளின் தலையில் ஏற்றச் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். பதினொரு வயதுப் பிள்ளை மொழிபெயர்ப்பாளராக நிற்பது பெருமைக்குரியதன்று. அவள் திறமையைப் பாராட்டினேன். அந்நிலைக்கு அவளைத் தள்ளியதை எண்ணி வருந்தினேன். அந்த இடத்தில் நிற்க வேண்டியவர்கள் நாம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் விடுமுறைக்கு முன் பத்து நிமிடம் இதற்கென ஒதுக்கலாம். மலாய் தெரிந்த பெற்றோர் இருவர், தெரியாத குடும்பத்துக்குத் துணையாக அலுவலகம் வரை போய்வரலாம். இதற்குச் செலவில்லை, மனம்தான் வேண்டும்.

பெற்றோர் கவனத்திற்கு

1. நுழைந்த நாளிலேயே அனுமதி முடியும் தேதியைக் கணக்கிட்டு வீட்டு நாள்காட்டியில் குறித்து வையுங்கள். விசாவிலுள்ள தேதி வேறு. தங்கக்கூடிய நாள் வேறு.

2. நோயாளியைக் கவனிப்பவர் ஒருவர், தாள்களைக் கவனிப்பவர் இன்னொருவர் என்று முதல் நாளே பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒருவர் தலையில் கட்டாதீர்கள்.

3. சேர்க்கைச் சான்று, மருத்துவரின் கையொப்பமிட்ட கடிதம், கட்டணச் சீட்டு ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்கி, நகலும் எடுத்து வையுங்கள். 'நோயுற்றுள்ளார்' என்ற கடிதம் போதாது. 'இன்ன நாள்வரை பயணம் செய்ய இயலாது' என்று எழுதித் தரும்படி மருத்துவரைக் கேளுங்கள்.

4. அனுமதி முடியும் முன்பே குடிநுழைவு அலுவலகத்துக்குச் செல்லுங்கள். நோயாளியால் வர இயலாது என்றால் அதற்கும் சான்று கொண்டு செல்லுங்கள். தூதரகத்துக்கும் தெரிவியுங்கள்.

5. நோயாளிக்குத் துணையாகத் தங்குபவரின் அனுமதியும் முடியும் என்பதை மறவாதீர்கள். அவர் நோயாளி அல்லர். அவருக்குத் தனி விண்ணப்பம் வேண்டும்.

6. நாள் கடந்துவிட்டது என்று தெரிந்தால் மறைக்காதீர்கள். பயண நாள்வரை காத்திருக்காமல் மறுநாளே நேரில் சென்று சொல்லுங்கள்.

7. வெளிநாட்டில் சிக்கிக்கொண்டு பிள்ளை பள்ளிக்கு வர இயலாவிட்டால் எங்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள். வீட்டுப்பாடத்தை அனுப்பிவைக்க நாங்கள் காத்திருக்கிறோம்.

8. பயணக் காப்புறுதி எடுங்கள். முதியவர்களுக்கும், ஏற்கெனவே நோயுள்ளவர்களுக்கும் எது பொருந்தும், எது பொருந்தாது என்று படித்துப் பார்த்து எடுங்கள்.

நம் சமுதாயத்தில் அலுவலகம் என்றால் ஒதுங்கி நிற்கும் பழக்கம் தோட்டப்புறக் காலத்திலிருந்தே இருக்கிறது. துரையின் முன்னால் நின்று பேசத் தயங்கிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தத் தயக்கத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. இன்று நமக்கு மொழி இருக்கிறது; கல்வி இருக்கிறது; எழுதத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். முகப்பின் முன் நின்று, 'ஐயா, என் தாய் நோயுற்றிருக்கிறார், இதோ சான்று, எங்களுக்குக் கூடுதல் காலம் வேண்டும்' என்று கேட்பது கெஞ்சுவது ஆகாது. சட்டமே திறந்து வைத்திருக்கும் கதவு அது.

இந்த விடுமுறையில் பயணம் புறப்படும் அனைவரும் நலமாகச் சென்று நலமாகத் திரும்ப வேண்டும். புறப்படும் முன் கடப்பிதழை ஒருமுறை திறந்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியை